மேலால அடிக்கவோ, முழுக்க அடிக்கவோ?

விண்டோஸ் 95 விற்பனைக்கு வந்தது 1995 ஓகஸ்ட் 24ஆம் திகதி. அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் லக்சபானா மின்சாரம் நின்று ஐந்து வருடம் கழிந்திருந்தது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோ தந்த மின்சாரத்தில்தான் றேடியோச் செய்தி கேட்டோம். பற்றரியும் மெழுகுதிரியும் சவர்க்காரமும் அரசாங்கத்தின் தடைப்பட்டியலில் இருந்தன. அமெரிக்காவில் சனம் நள்ளிரவில் கடை வாசலில் வரிசையில் நின்று கொம்பியூட்டருக்கு ஏதோ பெட்டி வாங்கியது என்று அப்போது யாரும் வந்து சொல்லியிருந்தாலும் எங்களுக்கு என்ன விளங்கியிருக்கும்? இரண்டு மாதம் கழித்து, ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் செம்மணி வழியாகவும் கோப்பாய்–கைதடி வழியாகவும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்தது.

அந்தப் பெட்டி இரண்டு விதமாக விற்கப்பட்டது. ஏற்கெனவே விண்டோஸ் வைத்திருப்பவருக்கு 'அப்கிறேட்'. அதன் விலை ஏறத்தாழ 110 டொலர். ஒன்றும் இல்லாமல் புதிதாகத் தொடங்குபவருக்கு 'ஃபுல்'. அது 210 டொலர். உள்ளே இருக்கிற சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் அப்கிறேட் பெட்டி வேலையைத் தொடங்க முன்னர் பழசைத் தேடும். ஹாட் டிஸ்கில் பழைய விண்டோஸ் கிடக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பழைய விண்டோஸின் முதலாவது டிஸ்கைப் போட்டுக் காட்டச் சொல்லும். காட்டினால்தான் அடுத்த திரைக்குப் போகும். காசு கொடுத்து வாங்கிய பழசு ஒன்று கையில் பத்திரமாக இருக்கிறது என்று நிரூபிக்கிற ஆளுக்குத்தான் அந்த நூறு டொலர்க் கழிவு.

தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து இந்தத் தொழிலில் நிற்கிறேன். அப்கிறேட், ஃபுல் என்று மைக்ரோசொப்ற் பிரித்து விற்ற இரண்டில் ஒன்றையும் இந்தக் குடாநாட்டில் கொம்பியூட்டர் திருத்தினவர்கள் அப்படியே கைக்கொள்ளவில்லை. மூன்றாவதாக ஒன்றைச் செய்தோம். அது எப்படி வந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று கனநாளாக நினைப்பு.

1996இல் சனம் திரும்பி வந்த பிறகு, மெல்ல மெல்லக் கொம்பியூட்டரும் வரத் தொடங்கியது. தரைப்பாதை பூட்டு. சாமான் வருவது கப்பலில். ஆள் போய்வர பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானம் இருந்தது. 1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி லயன் எயர் விமானம் 55 பேரோடு மன்னார்க் கடலில் விழுந்த பிறகு அந்த வழியும் கொஞ்சக் காலம் அடைபட்டது. இப்படி வந்து சேர்ந்த கொம்பியூட்டரில் என்ன விண்டோஸ் இருந்ததோ அதுதான் விண்டோஸ். கொழும்பில், அனேகமாகப் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில், வாங்கும்போதே பிரதி சீடியால் அடித்துக் கொடுத்திருப்பார்கள். பெட்டியும் இல்லை, புத்தகமும் இல்லை. சீடியின் முகத்தில் மார்க்கர் பேனையால் எழுதிய '98' மட்டும் இருக்கும்.

எங்களுடைய பேச்சில் அப்கிறேட் பண்ணுவது 'மேலால அடிக்கிறது'. ஃபோமற் பண்ணிப் புதிதாக ஏற்றுவது 'முழுக்க அடிக்கிறது'. கொம்பியூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்குகிறவர் முதல் கேட்பதும் அதுதான்: "தம்பி, மேலால அடிப்பியளோ, முழுக்க அடிப்பியளோ?" கேள்வியில் இருக்கிற பயம் கேட்கிற ஆளுக்கு ஆள் வேறு. மாணவனுக்குப் பாட்டுகள் போய்விடும் என்ற பயம். கொமினிகேசன் கடைக்காரருக்கு ஒரு நாள் வியாபாரம் போய்விடும் என்ற பயம்.

மேலால அடிப்பதை நான் விரும்பாததற்கு முதல் காரணம் மின்சாரம்தான். டீசல் ஜெனரேற்றர் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல ஏலாது. அழுத்தம் ஏறி இறங்கும். வெறும் டிஸ்கில் 98 அடிக்க முக்கால் மணித்தியாலம் போதும். மேலால அடித்தால் அது பழையதை ஒவ்வொன்றாகப் பார்த்து, எதை வைத்திருப்பது, எதை மாற்றுவது என்று தீர்மானித்து, நேரத்தை இழுக்கும். நடுவில் மின்சாரம் நின்றால் பழசும் இல்லை, புதுசும் இல்லை. முழுக்க அடிக்கும்போது நின்றால் திரும்பத் தொடங்கலாம். இழக்க ஒன்றும் கிடையாது.

இரண்டாவது காரணம், பழைய வருத்தங்கள். விண்டோஸ் 98 ஒரு வருடம் பாவித்தால் களைத்துவிடும். போட்டு எடுத்த புறோகிறாம்கள் எல்லாம் றெஜிஸ்றியில் தங்கள் மிச்சத்தை விட்டுவிட்டுத்தான் போகும். மேலால அடித்தால் அந்த மிச்சமெல்லாம் புதிய விண்டோஸுக்குள் அப்படியே குடிவரும். சேறு வாராமல் கிணற்றுக்குக் குளோரின் போடுகிற வேலைதான் அது.

அந்தக் காலத்து முழு அடி எப்படி நடந்தது என்று இன்றைய பெடியளுக்குத் தெரியாது. முதலில் 98இன் ஸ்ராட்டப் பிளொப்பி. சீடி டிறைவை அடையாளம் காட்டுகிற கோப்பு அந்த ஒரு பிளொப்பிக்குள் இருந்தது. அதனால்தான் 95ஐ அடிக்கவும் 98இன் பிளொப்பியையே தேடுவோம். பிறகு கறுப்புத் திரையில் 'எஃப்டிஸ்க்'. டிஸ்கை இரண்டாகப் பிரிப்போம். சி டிறைவ் விண்டோஸுக்கு, டி டிறைவ் வீட்டுக்காரருக்கு. சி-யை ஃபோமற் பண்ணிவிட்டு, உடனே விண்டோஸை அடிக்க மாட்டோம். சீடியில் இருக்கிற 'வின்98' ஃபோல்டரை முழுசாக டி-க்குள் கொப்பி பண்ணுவோம். அடிப்பது அங்கிருந்துதான். வீட்டுக்காரர் பிறகு ஒரு பிறின்டரையோ மோடத்தையோ செருகினால் 98 சீடி கேட்கும். மானிப்பாயில் இருக்கிறவர் அந்த நேரம் சீடிக்கு எங்கே போவார்? டி-யிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும். இதை எந்தப் புத்தகத்திலும் படித்து நாங்கள் செய்யவில்லை. ஒருவர் செய்ததைப் பார்த்து மற்றவர் செய்தார். இந்தச் சி–டி பிரிப்புத்தான் மூன்றாவது வழியின் தொடக்கம்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம். ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. அதற்குச் சில மாதம் முன்னர்தான், 2001 ஒக்ரோபர் 25ஆம் திகதி, எக்ஸ்பி உலகச் சந்தைக்கு வந்திருந்தது. எனவே யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்ததும் எக்ஸ்பி வந்ததும் எங்கள் நினைவில் ஒன்றாகத்தான் இருக்கின்றன. கஸ்தூரியார் வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் கொம்பியூட்டர்க் கடைகள் முளைத்தன. கொமினிகேசன்கள் நெற் கபேக்களாக மாறின. வெளிநாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் சூட்கேஸுக்குள் சொக்லேற்றோடு மென்பொருட் பெட்டிகளும் கொண்டுவந்தார்கள்.

அப்படி வந்த ஒன்றை மறக்க ஏலாது. கொக்குவிலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மகன் ரொறன்ரோவில். அவர் அனுப்பியது எக்ஸ்பி ஹோம், அப்கிறேட் பெட்டி. ஃபுல் 199 டொலர், இது 99. அங்கே இருப்பவருக்கு அப்பாவிடம் ஏற்கெனவே விண்டோஸ் இருக்கிறதுதானே என்ற கணக்கு. இருந்தது, 95. எக்ஸ்பி அப்கிறேட்டோ 98, 98 செகண்ட் எடிசன், மில்லேனியம் ஆகியவற்றுக்கு மேலால ஏறும். 95க்கு மேலால ஏறாது. ஆசிரியர் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, "இது காசு குடுத்து வாங்கின சாமான் தம்பி, நீங்கள் உந்தக் கள்ளச் சீடியொன்றும் போடவேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொன்னார். நாற்பது வருடம் வகுப்பில் நின்ற குரல்.

நான் சி-யைத் துடைத்துவிட்டு எக்ஸ்பி சீடியைப் போட்டேன். அது பழைய விண்டோஸின் சீடியைக் காட்டச் சொல்லிக் கேட்டது. ஒறிஜினல் 98 சீடிக்கு நான் எங்கே போக? லாச்சிக்குள் கிடந்த, மார்க்கரில் '98' என்று எழுதிய அதே பிரதியைப் போட்டேன். திருப்திப்பட்டு மேலே போனது. சீடியில் இருக்கிற கோப்புகளைப் பார்க்குமே தவிர, சீடி எந்தக் கடையில் வாங்கியது என்று அதற்கு எப்படித் தெரியும்? யாழ்ப்பாணத்தில் நான் கண்ட முதலாவது ஒறிஜினல் எக்ஸ்பி இப்படித்தான் வாசல் தாண்டியது. ஆசிரியருக்கு நான் இதை விளக்கப் போகவில்லை. அவருடைய கொம்பியூட்டரில் இருந்தது 64 எம்பி றாம். பெட்டியில் எழுதியிருந்த குறைந்த அளவும் அதுதான். எக்ஸ்பி ஓடியது என்று சொல்ல மனம் வரவில்லை, தவழ்ந்தது. பிறகு 128ஆக ஏற்றிக் கொடுத்தேன்.

மற்றவர்கள் எல்லாருக்கும் பிரதிதான். எக்ஸ்பி புறொபெசனல் ஃபுல் பெட்டி 299 டொலர், அன்றைய மதிப்பில் 27,000 ரூபா வரும். கொம்பியூட்டர் வாங்கவே நகை அடைவு வைத்த வீடுகள் இவை. எக்ஸ்பியில்தான் 'அக்ரிவேசன்' என்ற புதிய கட்டுப்பாடு வந்தது: அடித்த பிறகு மைக்ரோசொப்றுக்கு அறிவித்துப் பதிவு செய்யவேண்டும். ஆனால் பெரிய நிறுவனங்களுக்கென்று கொடுத்த பிரதிக்கு அது தேவையில்லை. அந்தப் பிரதியும் அதற்குரிய 25 எழுத்துச் சாவியும் வெளியில் கசிந்து உலகம் முழுக்கப் பரவியது. இங்கே அதை மனப்பாடமாக வைத்திருந்த பெடியளை எனக்குத் தெரியும். பத்தாம் வாய்பாடு தடக்கும், அது தடக்காது. 2002 செப்ரெம்பரில் மைக்ரோசொப்ற் சேர்விஸ் பாக் ஒன்றை வெளியிட்டபோது அந்தச் சாவியைக் கண்டால் ஏறமாட்டேன் என்று நின்றது. உடனே வேறு சாவிகள் வந்தன. 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கொம்பியூட்டர் புறோகிறாமையும் பாதுகாக்கப்பட்ட ஆக்கமாகச் சொன்னது. சட்டம் வந்த செய்தி கஸ்தூரியார் வீதிக்கு வந்து சேர்ந்த மாதிரித் தெரியவில்லை. 2011இலும் நாட்டில் பாவிக்கப்பட்ட மென்பொருளில் 84 வீதம் அனுமதியில்லாதது என்று பிஎஸ்ஏ என்ற மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது. எங்கள் பக்கம் அந்த மிச்சம் 16 வீதத்தையும் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

இதில் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் இந்த நிலைமை அப்கிறேட்–ஃபுல் என்ற தெரிவை என்ன செய்தது என்பதைக் கவனிக்கவேண்டும். வெளிநாட்டில் அது காசுக் கணக்கு. அனுமதிப் பத்திரம் இருந்தால் மலிவு, இல்லாவிட்டால் விலை. இங்கே இரண்டும் ஒரே விலை, ஒரே சீடி. ஆகவே கேள்வி காசிலிருந்து கழன்று வேறிடத்துக்குப் போனது. எது போகலாம், எது இருக்கவேண்டும்? அதைத் திருத்துகிறவனும் வீட்டுக்காரரும் மேசையின் இரண்டு பக்கமும் இருந்து பேசித் தீர்க்கவேண்டியிருந்தது.

இந்தப் பேச்சு மிகக் கடுமையாக நடந்த இடம் அச்சகங்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டும். படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், நன்றி நவிலல் என்று முப்பது நாற்பது பக்கம். நாளைப் பிந்தப் போட ஏலாது. அச்சுக்கோத்த காலம் போய், பேஜ்மேக்கரில் பக்கம் அமைக்கிற காலம் வந்தபோது எல்லாம் பாமினி எழுத்துருவில் நின்றது. இன்றைய யூனிகோட் மாதிரியில்லை. ஆங்கில எழுத்துகள் இருக்கவேண்டிய இடங்களில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துச் செய்த எழுத்துரு அது. பாமினி இல்லாத கொம்பியூட்டரில் அதே கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அதற்குப் பின்னால் ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். ஒருவருடைய பிறந்த ஊரும் பிள்ளைகளின் பெயரும் அப்படிக் கிடப்பதை அச்சகக்காரர் ஒருமுறை கண்டால் போதும், ஃபோமற் என்ற சொல்லுக்கே கைகூப்புவார்.

நெல்லியடியில் ஒரு அச்சகம், 2003ஆம் ஆண்டளவில். 98 செகண்ட் எடிசன் நாளுக்கு நாலுதரம் நீலத் திரை காட்டி விழுந்துகொண்டிருந்தது. எக்ஸ்பிக்கு மாற்ற வேண்டும்.

"மேலால அடிச்சு விடுங்கோ தம்பி. ஒண்டும் போகக்கூடாது."

"ஐயா, மேலால அடிச்சா ஸ்கானர் வேலை செய்யாது. 98இன்ர டிறைவர் எக்ஸ்பிக்குச் சரிவராது."

"ஸ்கானர் கிடக்கட்டும். எழுத்துப் போனா நான் கடையைப் பூட்டவேணும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 98இன் அடியில் கிடந்தது டொஸ் வழி வந்த அமைப்பு. எக்ஸ்பியின் அடியில் என்ரி. வெளியில் பெயர் ஒன்றுதான், உள்ளே இரண்டு வேறு குடும்பம். மேலால அடித்தால் எழுத்துருவும் பேஜ்மேக்கரும் இருக்கும், சாதனங்கள் மக்கர் பண்ணும். முழுக்க அடித்தால் சாதனங்கள் ஓடும், எழுத்துருக்கள் போய்விடும். நான் செய்தது என்னவென்றால், சி-க்குள் விண்டோஸ் ஃபோல்டரில் இருக்கிற ஃபொன்ற்ஸ் ஃபோல்டரை முழுசாக டி-க்குக் கொப்பி பண்ணினேன். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தால் எழுத்துருவின் பெயர் தெரியுமே தவிர கோப்பின் பெயர் தெரியாது. ஒரே எழுத்துரு இரண்டு பெயரில் கிடக்கும். அதனால் கறுப்புத் திரைக்குப் போய்த்தான் கொப்பி பண்ணவேண்டும். பிறகு டெஸ்க்டொப், மை டொக்கியுமென்ற்ஸ், அவுட்லுக் அஞ்சல் கோப்பு, பேஜ்மேக்கரின் செற்றிங்ஸ். எல்லாம் டி-க்கு வந்த பிறகு ஐயாவை இருத்தி நாலைந்து பழைய கல்வெட்டுகளைத் திறந்து காட்டி, என்னென்ன எழுத்து பாவிக்கிறீர்கள் என்று தாளில் எழுதவைத்தேன். அதற்குப் பிறகுதான் சி-யை மட்டும் துடைத்தேன்.

இதுதான் நான் சொன்ன மூன்றாவது வழி. சி-யில் முழு அடி, டி-யில் பழசு, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆளின் கை. எக்ஸ்பி தந்த அப்கிறேட்டில் கழிப்பதையும் வைப்பதையும் புறோகிறாமே தீர்மானிக்கும். இங்கே அச்சகத்து ஐயாவே தாளில் எழுதித் தீர்மானித்தார். குடாநாட்டில் அந்தக் காலத்தில் திருத்துவேலை செய்த எவரைக் கேட்டாலும் ஏறத்தாழ இதையேதான் சொல்வார். ரியூசன் சென்ரர்களுக்கும் நெற் கபேக்களுக்கும் அதையும் சுருக்கினோம். ஒரு கொம்பியூட்டரை எல்லாம் சரிபார்த்து அமைத்து, நோர்ட்டன் கோஸ்ற்றால் அதன் படத்தை எடுத்து டி-யில் வைத்தால், வைரஸ் வந்தால் பத்து நிமிடத்தில் சி பழைய நிலைக்கு வந்துவிடும்.

யூனிகோட் தமிழ் விண்டோஸ் 2000இலேயே, லதா எழுத்துருவோடு, வந்துவிட்டது. எக்ஸ்பியிலும் இருந்தது. ஆனால் அது தானாக விழித்திருக்காது. கொன்றோல் பனலில் மொழிகளுக்கான பக்கத்துக்குப் போய் ஒரு சதுரத்தில் சரி போட்டு, கேட்கிற சீடியைப் போட்டால்தான் எழுத்து ஒழுங்காகக் கோக்கும். போடாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். நான் அடித்துக் கொடுத்த எக்ஸ்பிகளில் அந்தச் சதுரத்துக்குக் கேளாமலே சரி போட்டுவிடுவேன். அச்சகங்களுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. ஆனால் வீட்டில் இருக்கிற பிள்ளை லண்டனில் இருக்கிற மாமிக்குத் தமிழில் எழுத அதுதான் வழி.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்க ஏ9 திரும்பப் பூட்டியது. பொழுதுபட்டால் ஊரடங்கு. திருத்த வந்த கொம்பியூட்டர்கள் இரவுகளில் கடையிலேயே தங்கின. அதற்குப் பிறகு வந்த இரண்டு மூன்று வருடங்களில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி முற்றாக மாறியது. அதுவரைக்கும் எல்லாரும் "ஒண்டும் போகக்கூடாது" என்றவர்கள். இப்போது குரலைத் தாழ்த்தி, "ஒண்டும் இருக்கக்கூடாது" என்றார்கள்.

சமாதான காலத்தில் ஊர் முழுக்கப் பாட்டுச் சீடிகளும் வீடியோக்களும் படங்களும் ஓடித் திரிந்தன. எல்லார் வீட்டு டி-யிலும் ஏதோ ஒன்று கிடந்தது. சுற்றிவளைப்பில் கொம்பியூட்டரை எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்ற யோசனை. ஒரு அம்மா, மகன் பல்கலைக்கழகத்தில் படித்தவர், சிபியூவைச் சேலைத் துணியால் மூடி சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். "டி-யையும் அடியுங்கோ தம்பி." சி, டி இரண்டையும் துடைத்தேன். போகாமல் நின்றார். "இனி ஒருத்தராலும் திரும்ப எடுக்க ஏலாதுதானே?"

பொய் சொல்லியிருக்கலாம். எக்ஸ்பியின் ஃபோமற் டிஸ்கை உண்மையில் அழிப்பதில்லை. விரைவு ஃபோமற் கோப்புகளின் அட்டவணையை மட்டும் வெறுமையாக்கும். முழு ஃபோமற் அதோடு சேர்த்துப் பழுதான இடம் இருக்கிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். எழுதின தரவு எழுதின இடத்திலேயே கிடக்கும். அதைத் திரும்பத் தோண்டி எடுக்கிற புறோகிறாம் எந்தக் கடையிலும் இருந்தது, என்னிடமும் இருந்தது. தவறுதலாக அழித்தவர்களுக்குப் படங்களை மீட்டுக் கொடுத்துக் காசு வாங்கியவன் நான். எனவே டிஸ்க் கம்பனி தருகிற சிறிய புறோகிறாம் ஒன்றால் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பூச்சியம் எழுதவேண்டும். 40 ஜிபி டிஸ்குக்கு ஒரு மணித்தியாலம் வரையும் போகும். அம்மா வாங்கில் இருந்து வீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வீதத்தில் மின்சாரம் நின்றது. வந்ததும் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். அதற்கு நான் காசு கேட்கவில்லை, அவர் வைத்துவிட்டுப் போனார்.

விண்டோஸ் வரலாற்றை எழுதுகிறவர்கள் 2007 ஜனவரியில் வந்த விஸ்ராவைப் பற்றி அத்தியாயம் எழுதுவார்கள். எங்கள் வரலாற்றில் விஸ்ராவுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. பாதை பூட்டியிருந்தது, றாம் விலை, எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்தது. அது வராததால் ஒருவருக்கும் நட்டமில்லை.

போர் முடிந்து, 2009 ஒக்ரோபர் 22ஆம் திகதி விண்டோஸ் 7 வந்து, அடுத்த வருடம் ஏ9இல் லொறிகள் நிரம்பி ஓடத் தொடங்கிய பிறகு லப்ரொப் காலம். இதில் வேடிக்கை என்னவென்றால், எக்ஸ்பியிலிருந்து 7க்கு மேலால அடிக்க மைக்ரோசொப்ற்றே வழி வைக்கவில்லை. அப்கிறேட் பெட்டி வாங்கினாலும் புதிதாகத்தான் ஏற்றவேண்டும். ஃபோமற் பண்ணாமல் ஏற்றினால் பழையதை எல்லாம் வாரி 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் போட்டு வைக்கும். அதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் டி-யில் கையால் செய்துகொண்டிருந்ததை இவர்கள் ஃபோல்டர் ஒன்றாக்கிவிட்டார்கள். எழுத்துருக்களை எடுத்துப் புது இடத்தில் போட்டுத் தருகிற வேலையை மட்டும் எங்களுக்கு மிச்சம் விட்டிருந்தார்கள்.

வெளிநாட்டு உறவுகள் கொண்டுவந்த லப்ரொப்களில் ஒறிஜினல் விண்டோஸ் இருந்தது. அடியில் ஒட்டிய ஸ்ரிக்கரில் சாவியும் இருந்தது. அந்த அனுமதி அந்த லப்ரொப்புக்கு மட்டும்தான், வேறொன்றுக்கு மாற்ற ஏலாது. ஃபுல் பெட்டியை மட்டும் பழைய கொம்பியூட்டரிலிருந்து கழற்றிப் புதியதற்குக் கொண்டுபோகலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல ஒறிஜினலைத் துடைத்துவிட்டு அதன் மேல் பிரதி அடித்த கடைகள் உண்டு. டிஸ்கின் ஒரு மூலையில் மறைத்து வைத்திருந்த மீட்புப் பகுதியையும் இடம் காணாது என்று சேர்த்து அழித்தார்கள். பத்து வருடம் பிரதி அடித்துப் பழகிய கை, ஒறிஜினலைக் கண்டாலும் அடையாளம் தெரியவில்லை. இதில் எனக்கு இன்றும் கோபம்தான்.

2015 யூலை 29ஆம் திகதி விண்டோஸ் 10. ஒரு வருடத்துக்குள் ஏறினால் இலவசம். பெட்டியும் இல்லை, விலையும் இல்லை, திரையில் நேரம் காட்டுகிற மூலையில் ஒரு சின்ன அடையாளம் வந்து இருந்துகொண்டு ஏறு ஏறு என்று கேட்டது. 3 ஜிபி அளவு இறங்கும். மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளந்து இன்ரநெற் தருகிற நாட்டில், மாதத் தொடக்கத்திலேயே டேற்றா முடிந்துபோனது என்று வந்தவர்கள் பலர். "நான் ஒண்டும் அமத்தேல்லை அண்ணை, விடியப் பாக்கத் தானா மாறிக்கிடக்கு" என்றார் ஒரு வங்கி உத்தியோகத்தர். முதல் முப்பது நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம் என்று வைத்திருந்தார்கள். அடுத்த வருடம் அதைப் பத்து நாளாகக் குறைத்தார்கள். பிரதி 7க்கு மேலால 10 அடித்தாலும் அது பிரதியாகவே கணக்கில் நிற்கும் என்று மைக்ரோசொப்ற் சொல்லியிருந்தது. ஆனால் ஸ்ரிக்கர் ஒட்டிய ஒறிஜினலோடு வந்து, அதைத் துடைக்காமல் வைத்திருந்தவர்களுக்கு 10 சுத்தமாகக் கிடைத்தது. பழசைப் பத்திரமாக வைத்திருந்தவருக்குக் கழிவு என்ற 1995ஆம் ஆண்டுக் கணக்கு, யாழ்ப்பாணத்தில் முதன்முதலாகச் சிலருக்குப் பலித்த இடம் அதுதான்.

2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு 10இன் ஆதரவும் முடிந்துவிட்டது. 11 ஏறுவதற்கு ரிபிஎம் 2.0 வேண்டும், இன்ரெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே எடுபடாது. எனவே இப்போது வருகிறவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது அனுமதியை அல்ல, புறொசெசரை. எட்டாம் தலைமுறையும் மேலுமென்றால் மேலால அடிக்கச் சொல்கிறேன். யூபிஎஸ் இருக்கிறது, எஸ்எஸ்டி இருக்கிறது, அரை மணித்தியாலத்தில் முடிகிறது, பழைய பயங்களுக்கு இடமில்லை. அதற்குக் கீழே என்றால், பிள்ளையின் படிப்புக்குத்தான் என்றால், உபுண்டு போட்டுத் தருகிறேன். ஏமாற்றி 11 அடிக்கிற குறுக்குவழிகள் எல்லாருக்கும் தெரியும். அடுத்த பெரிய அப்டேற்றில் அது விழுந்தால் திரும்ப என்னிடம்தான் வருவார்கள்.

நெல்லியடி அச்சகத்தில் அந்த எக்ஸ்பி இன்னும் ஓடுகிறது. கேபிளைக் கழற்றி இன்ரநெற்றிலிருந்து பிரித்து வைத்திருக்கிறோம். 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7தான் கடைசி, அதற்குப் பிறகு அடோபி அதை விட்டுவிட்டது. ஐயா இப்போது இல்லை. மகன் புதிய கொம்பியூட்டரில் இன்டிசைன் பழகிவிட்டார், ஆனால் இருபது வருடத்துக் கல்வெட்டுகள் பாமினியில் டி-க்குள் கிடக்கின்றன. ஒரு குடும்பத்தில் அப்பாவுக்கு அடித்த கல்வெட்டை எடுத்துத்தான் அம்மாவுக்கு அடிக்கிறார்கள். வம்சாவளிப் பக்கம் அப்படியே வேண்டும். இதையும் 11க்கு மாற்றுவோமோ என்று போன மாதம் மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். டிஸ்கை மட்டும் புதிதாக ஒன்றுக்கு அப்படியே பிரதி எடுத்து, பழையதை லாச்சிக்குள் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த மதர்போர்டுக்குச் செருகுகிற ஐடிஈ டிஸ்க் கிடைப்பதுதான் கரைச்சல். கொழும்பில் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.